காவலுக்கு வைத்த பிள்ளையார்

பொன்னி வீட்டுக் கக்கூஸ் பொங்கி வழிந்தபோது மழை நின்று ரொம்ப நாளாகியிருந்தது. மழைக்காலத்தில் வழிந்திருந்தாலாவது மழை மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பாள். மார்கழி வெயில் சுள்ளென்று அடிக்கிறது, கொடியில் போட்ட துணி முறுக்கின சூட்டிலேயே காய்கிறது, இங்கே கக்கூஸ் பேசினில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் ஊற்றியது அத்தனையும் சேற்று நிறத்தில் திரும்பி மேலே வருகிறது.

காலனியில் கக்கூஸ் அடைத்துக்கொள்ளாத வீடு எது? கம்பியை விட்டுக் குத்துவார்கள். அதற்கும் மசியாவிட்டால் லாரியைக் கூப்பிட்டு உறிஞ்சச் சொல்வார்கள். அதுவரைக்கும் இருக்கவே இருக்கிறது சவுக்குத் தோப்பு. ஆனால் பொன்னிக்கு அது அப்படிப் போகிற விஷயமில்லை. அவள் புருஷன் ஆபிரகாமுக்கு வலது கால் கிடையாது.

ஆபிரகாம் சவுக்கு லாரியில் கட்டை ஏற்றின ஆள். செய்யூர் பக்கத்துத் தோப்புகளில் வெட்டிப் போட்ட கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சாய்வுப் பலகை மேல் ஓடி ஏறுவார். காலில் ஒரு சிராய் ஏறியது. அவர் கவனிக்கவில்லை. சர்க்கரை உடம்பு, புண் மேலே மேலே ஏறி, கடைசியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஒற்றைக் காலில் மனுஷன் எப்படிக் குந்துவான்? பொன்னி கடற்கரை ரிசார்ட் ஒன்றில் துணி துவைக்கிற பிரிவில் வேலை பார்க்கிறவள். ஊர் பேர் தெரியாதவர்கள் படுத்து எழுந்த பெட்ஷீட்டுகளைத் துவைத்து மடித்து, கூடுதல் ஷிப்டு பார்த்து, வீட்டு முன்பக்கத்தில் நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸ் ஒன்று கட்டினாள். கொல்லைப்பக்கம் கட்ட இடமேது, அடுத்த வீட்டுச் சுவர்தான் இவர்களுக்கும் பின்சுவர். எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி பதித்தாள். சாமிப் படம் மாட்டின சுவருக்கு வெள்ளையடிக்கக்கூட வக்கில்லாத வீட்டில் கக்கூஸுக்கு வெள்ளை டைல்ஸ். முதல் நாள் ஆபிரகாம் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தார். வெளியே வந்து, "ராஜா மாதிரி கீது பொன்னி" என்றார். காலை எடுத்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தக் கக்கூஸ்தான் பொங்கியது.

ஆபிரகாமின் தம்பி பெஞ்சமின் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் வந்து வாசலில் இருந்த செப்டிக் டேங்க் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தான். உள்ளே எட்டிப் பார்த்தவன் மூக்கைப் பொத்தின கையை எடுக்காமலே, "அண்ணி, இன்னா இது, பொம்பள முடிய அவுத்துப் போட்டாப்புல கீது" என்றான். வேர். டேங்க் சுவர் ஒரு பக்கம் வெடித்து, அதன் வழியாகச் சல்லி வேர்கள் நுழைந்து, குழாய் வாயை அடைத்துக்கொண்டு பம்மென்று கிடந்தன. இருவரும் வேரைப் பிடித்துக்கொண்டே போனார்கள். வாசற்படியின் கீழே கை தண்டி வேர் ஒன்று போய், படியை ஒரு பக்கம் தூக்கி வைத்திருந்தது. அதைத் தாண்டிப் போனால் பக்கத்து வீட்டு அரசமரம்.

பக்கத்து வீடு லக்ஷ்மிநாராயணனுடையது. கும்பகோணத்துக்காரர். அணு ஆராய்ச்சி ஆபீசில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, காலனிக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் மனை வாங்கி வீடு கட்டினவர். காம்பவுண்டுக்கு வெளியே ரோட்டோரமாக இருந்த புறம்போக்குக் கீற்றையும் கம்பி வேலி போட்டு வளைத்துக்கொண்டு குரோட்டன்ஸ் வளர்த்தார். அந்தக் கீற்றின் கோடியில், பொன்னி வீட்டுப் பக்கமாக, காக்கை போட்ட எச்சத்தில் முளைத்ததுதான் அந்த அரசு. காருக்கு நிழல் என்று வளரவிட்டார். அரசு நிழலை மட்டுமா தரும்? ஈரம் எங்கே என்று மண்ணுக்குள் மோப்பம் பிடித்துப் போகிற ஜாதி அது.

ஷிப்டு முடிந்து வந்த பொன்னி, பிளீச்சிங் வாடை போகாத கையோடு அவர் கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"சார், உங்க மரத்து வேரு என் டேங்க ஒடச்சிட்ச்சி. ஒரு தபா வந்து பாருங்க."

"என் மரமா? மரம் என் காம்பவுண்டுக்குள்ளயாம்மா இருக்கு? அது கவர்மெண்ட் எடம்."

"அப்ப வேலி யாருது சார்?"

"வேலி ஆடு மேயாம இருக்கப் போட்டது."

"நெழலு மட்டும் உங்க கார் மேல உயுது."

அவருக்குச் சுருக்கென்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாரும்மா. உன் டேங்க்ல பாதி ரோட்டு எடத்துல கட்டியிருக்க. ரூல்ஸ்படி தப்பு. நான் இத்தனை நாள் எங்கயாவது எழுதிப் போட்டேனா? பேசாம டேங்க்கை மாத்திக்கோ."

"எங்க சார் மாத்தறது? என் வூடே உங்க கார் ஷெட்டு அளவுதான் கீது. அவருக்குக் கால் இல்லன்னு உங்களுக்கே தெரியும். வெட்டவாவது வுடுங்க. கூலி நான் குடுத்துக்கறேன்."

"மரத்துல கை வெச்சா நான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும். பச்சை மரம்மா. பாவம்" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

மரத்துக்குப் பாவம் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, இரக்கமுள்ள மனுஷன்தான்.

தோப்பு மணலில் ஷேர் ஆட்டோ இறங்காது. அன்று முதல் விடிவதற்கு முன்னால் ஆபிரகாமை டிவிஎஸ் வண்டியில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் பெஞ்சமின் பிடித்துக்கொள்ள, பொன்னி தோப்புக்கு ஓட்டிப் போனாள். வண்டி முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உட்காரும் இடத்தில் வட்டமாக அறுத்து ஓட்டை போட்டது. தோப்புக்குள் மணலில் நாற்காலியை அழுத்தி நட்டு, அவரை இறக்கி உட்கார வைத்துவிட்டு, பொன்னி புடவைத் தலைப்பை விரித்து மறைப்புக் கட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். சவுக்கு மரங்கள் கடற்காற்றில் இரைந்துகொண்டே இருக்கும். ஆபிரகாம் ஒரு வார்த்தை பேச மாட்டார். வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். சாயங்காலம் சாப்பாட்டையும் குறைத்தார். தின்றால்தானே போக வேண்டும் என்று கணக்கு. மீன் குழம்பு வைத்தால்கூட இரண்டு கவளத்தோடு தட்டைத் தள்ளிவிட்டார்.

ஒரு நாள் வண்டி மக்கர் பண்ணி நேரமாகிவிட்டது. வெளிச்சம் வந்துவிட்டது. தோப்போரத்துப் பாதையில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு லக்ஷ்மிநாராயணன் நடைப்பயிற்சிக்கு வந்தார், கூடவே இன்னொரு பெரியவர். தலைப்பு மறைப்பைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், ஆளை அடையாளம் கண்டுகொண்டாரோ இல்லையோ, கூட வந்தவரிடம் கேட்கும்படியாகவே சொன்னார்: "எவ்வளவு ஸ்கீம் போட்டாலும் இவங்க வெளிய வர்ற பழக்கத்தை விட மாட்டாங்க சார்."

ஆபிரகாம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கட்டை சுமந்த அந்தப் பெரிய தோள் இரண்டும் குலுங்கின. பொன்னி பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். கக்கூஸ், வேர், ரூல்ஸ் எல்லாம் அந்த நிமிஷத்தோடு போயிற்று. அந்த ஆளை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தாவிட்டால் நான் பொன்னி இல்லை என்று ஒரு வெறி பற்றிக்கொண்டது.

அன்றைக்கே கேட்டில் நின்று, ஞாயிற்றுக்கிழமை மரம் அறுக்கிற ஆள் வருகிறான், போலீசைக் கூப்பிட்டாலும் சரி, பட்டாளத்தைக் கூப்பிட்டாலும் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் அரசமரத்துக்கு மஞ்சள் துணி சுற்றியிருக்கிறது. பட்டையில் சந்தனம், குங்குமம். அடியில் முழ உயரத்தில் புத்தம் புதுக் கருங்கல் பிள்ளையார், மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் வாங்கினது. அருகம்புல் மாலையில் இன்னும் ஈரம் காயவில்லை. வேலிக்குள்ளே லக்ஷ்மிநாராயணன் குளித்து முழுகி விபூதியோடு கைகூப்பி நிற்கிறார்.

மறுநாள் அறுக்க வந்த ஆள் ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, "சாமி கீற மரத்துல நான் கைய வைக்கமாட்டேன் தாயி" என்று போய்விட்டான்.

"அண்ணி, கில்லாடி அந்தாளு" என்றான் பெஞ்சமின். "இப்ப நாம தொட்டா மதக் கலவரம்னு எழுதுவான். எம் பேரு பெஞ்சமின், அண்ணன் பேரு ஆபிரகாம். ஜாமீன்கூடக் கெடைக்காது. நைசா வேருல ஓட்டயப் போட்டு ஆசிட் ஊத்திடவா?"

"போடா. மரம் பட்டுப்போச்சின்னா மொதல்ல யார் வூட்டுக் கதவத் தட்டுவாங்க?"

லக்ஷ்மிநாராயணன் போட்ட கணக்கும் அதேதான். பக்கத்து வீடு சர்ச்சுக்குப் போகிற வீடு, பிள்ளையார் பக்கம் நிழலுக்குக்கூட ஒதுங்க மாட்டார்கள் என்று நினைத்தார். ஆபிரகாமின் ஆட்கள் சர்ச்சுதான். ஆனால் பொன்னி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டவள் இல்லை. அவள் பிறந்த வீட்டில் ஆடிக்குக் கூழ் ஊற்றுவார்கள், வாழ்க்கைப்பட்ட வீட்டில் டிசம்பருக்குக் கேக் வெட்டுவார்கள், இரண்டையும் வஞ்சனை இல்லாமல் தின்று வளர்ந்த உடம்பு அது. இந்தக் காலனியைப் பற்றி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.

அன்று பகல் முழுக்கப் பொன்னி படியில் உட்கார்ந்து பிள்ளையாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் எழுந்து தலைக்குக் குளித்தாள். தேங்காய், கற்பூரம், இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு போய், கம்பி வேலியை ஒரு கையால் தூக்கி நுழைந்து, பிள்ளையார் முன்னால் நின்றாள்.

ஜன்னலில் இருந்து லக்ஷ்மிநாராயணன், "என்னம்மா?" என்றார்.

"சாமி கும்புடறேன் சார். கூடாதா?"

கூடாது என்று சொல்ல அவரால் முடியுமா? ஊருக்குச் சாமி என்று வைத்தது அவர்தானே. அவர் மனைவி லோகநாயகி, பாவம், அந்த அம்மாளுக்குச் சூது தெரியாது, வெளியே வந்து, "நல்லா வேண்டிக்கோ பொன்னி, உங்காத்துக்காரருக்குச் சீக்கிரம் குணமாகட்டும்" என்றாள்.

பொன்னி வேண்டிக்கொண்டாள். கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினாள். அந்தாளு என் வூட்டு வாசல்ல வந்து கையேந்தி நிக்கணும், பிள்ளையாரே. வேறு ஒன்றும் கேட்கவில்லை. தேங்காயை ஓங்கி உடைத்தாள். சில் ஒன்று தெறித்துப் போய்க் கார் கண்ணாடியில் விழுந்தது.

மறுநாள் ரிசார்ட்டில் கூட வேலை பார்க்கிற ஜெசிந்தாவும் அவளும் பெட்ஷீட்டை ஆளுக்கு ஒரு முனை பிடித்து உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். நீராவியில் இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. அயர்ன் மெஷினில் ஆராயி நின்றாள். காலனியில் மூன்றாவது தெரு, வாய் நீளம்.

"இன்னாடி நெத்தியில குங்குமம்?" என்றாள் ஜெசிந்தா.

பொன்னி குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினால்தான் ஆராயிக்குக் காது நீளும். "யார்கிட்டயும் சொல்லாத. அவருக்குக் காலெடுத்த எடத்துல ஆறாத புண்ணு ஒண்ணு கீதே, பிள்ளையாருக்கு வேண்டிகினேன். சீழ் நின்னு தோல் கட்டிகினு வருது."

புண் ஆறினது வாஸ்தவம். ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சொல்லவில்லை.

"ரோட்டோரத்துப் பிள்ளையாரா அவ்ளோ சக்தி?" என்றாள் ஆராயி, அயர்னை நிறுத்திவிட்டு.

"வந்து பாரு. சாமி என் வூட்டுப் பக்கமா கால நீட்டிக்கீறாரு. வேரு வந்து என் படியத் தூக்கிகினு கீது. எங்கயோ போற வேரு என் வாசலுக்கு ஏன் வரணும்?"

அந்தப் பேச்சு எங்கிருந்து வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டோம் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

ஆராயியின் மகளை மதுராந்தகத்தில் கொடுத்திருந்தது. பிள்ளையில்லை என்று மாமியார் இடிக்கிறாள். ஆராயி வந்தாள், படியைத் தூக்கின வேரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், மஞ்சள் துணியில் தொட்டில் செய்து அரசங்கிளையில் கட்டினாள். பங்குனி பிறந்தது. மகளுக்கு நாள் தள்ளிப்போயிற்று.

அப்புறம் சொல்ல வேண்டுமா? கரும்புச் சாறு கடையில் ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்தார்கள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சுண்டல். கம்பி வேலி தானாகவே காணாமல் போயிற்று. குரோட்டன்ஸ் இருந்த இடத்தில் தொட்டில் விற்கிற கடை. பெஞ்சமின் தன் கூட்டாளிகளோடு அங்கேயே ஆட்டோ ஸ்டாண்டைப் போட்டு, 'அருள்மிகு அரசடிப் பிள்ளையார் ஆட்டோ ஸ்டாண்ட்' என்று போர்டு வைத்தான். போர்டு வைத்தவன் பெயர் பெஞ்சமின் என்பதில் பிள்ளையாருக்கும் ஆட்சேபணை இல்லை, மற்றவர்களுக்கும் இல்லை. சுண்டலுக்குக் காக்கை கூடியது. எந்தக் காருக்கு நிழல் என்று மரத்தை வளர்த்தாரோ அந்தக் கார் வெள்ளையும் பச்சையுமாக எச்சத்தில் குளித்தது. கேட்டை மறித்து ஆட்டோ, கேட்டுக் கம்பியில் ஆட்டுக்குட்டி, படியில் செருப்புக் குவியல். லக்ஷ்மிநாராயணன் வெளியே வந்து கத்துவார்.

"வண்டிய எடுங்கப்பா, கார் வெளிய போகணும்."

"சாமிக்குப் பூஜ நடந்துகினு கீது அண்ணாத்த, கொஞ்சம் இரு" என்பான் யாராவது.

அவரை அண்ணாத்த என்று யாரும் கூப்பிட்டதில்லை. பொன்னி தன் படியில் உட்கார்ந்து அதைக் கேட்பாள். ஐஸ் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும்.

ஊரப்பாக்கத்தில் இருக்கிற லக்ஷ்மிநாராயணன் மகன் அபிஷேக், வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்றான். ஆடி மாதம் வீட்டைப் பார்க்க ஒருத்தர் வந்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பொன்னி வேண்டுமென்றே பெரிய அண்டாவில் கூழ் காய்ச்சி, வருகிறவனுக்கெல்லாம் ஊற்றச் செய்தாள். வந்தவர் காரைவிட்டு இறங்காமலேயே கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டு போனார்.

இரவு சோறு போடும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆபிரகாம் சிரிக்கவில்லை.

"ஏன் பொன்னி, டேங்க் எப்ப செரி பண்ணப் போறே?"

"மொதல்ல அந்தாளு கதறட்டும்யா. உன்ன அன்னிக்கி இன்னா சொன்னான்?"

"சொன்னான். நான் அத்த மறந்துட்டேன். டெய்லி தோப்புக்குப் போறத மறக்க முடில." தட்டைத் தள்ளினார். "எனக்குக் கக்கூஸ் வோணும். உனக்கு அந்த ஆளு வோணும். ஆத்திரத்த அடக்கலாம் பொன்னி, மூத்திரத்த அடக்க முடியாது. பெரியவங்க தெரிஞ்சிதான் சொல்லிக்கீறாங்கோ."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. உனக்காகத்தானே இவ்வளவும் என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். யாருக்காக என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

சதுர்த்தி வந்தது. பத்து நாள் திருவிழா என்று கமிட்டி முடிவு செய்தது. கமிட்டிக்குப் பெண்கள் பக்கம் ஆராயி, ஆட்டோ பக்கம் பெஞ்சமின். குழாய் ஒலிபெருக்கியை எங்கே கட்டுவது என்று கேட்டார்கள். பொன்னி கையைக் காட்டினாள். லக்ஷ்மிநாராயணன் படுக்கிற அறை ஜன்னலுக்கு நேராகக் கிளை ஒன்று இருந்தது. அதில் கட்டினார்கள்.

திருவிழா முடிந்த மறுநாள் காலையில் அவர் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். ஷூ இல்லை, ரப்பர் செருப்பு. பொன்னி வீட்டுப் படியில், வேர் தூக்கின படியில், கால் எடுத்து வைக்கத் தெரியாமல் நின்றார்.

"பொன்னி, கொஞ்சம் பேசணும்மா."

வந்துவிட்டான். பிள்ளையாரே, வந்துவிட்டான். பொன்னி தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்தாள். "வாங்க சார், குந்துங்க" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. ஓட்டையின் மேல் துண்டு விரித்திருந்தது. கட்டிலில் கிடந்த ஆபிரகாம் வாயைத் திறந்தார், பொன்னி ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டார். லக்ஷ்மிநாராயணன் அதில் உட்கார்ந்து, கொஞ்சம் உள்ளே அமிழ்ந்து, ஒன்றும் சொல்லாமல் சமாளித்துக்கொண்டார்.

"லோகாவுக்குப் பிரஷர் ஏறிடுச்சு. தூக்கம் இல்ல. நான் செஞ்சது தப்புதான். மரத்தை எடுத்துடலாம். செலவு பூரா என்னுது. உன் டேங்க்கையும் புதுசா நானே கட்டித் தர்றேன். பிள்ளையாரை முறையா வேற எடத்துல பிரதிஷ்டை பண்ணிடலாம். நீ சொன்னா அவங்க கேப்பாங்க. ஒரு வார்த்தை சொல்லும்மா." சொல்லிவிட்டு இரண்டு கையையும் சேர்த்தார்.

பொன்னி அந்தச் சேர்த்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தோப்பில் துண்டுக்குள் குலுங்கின தோள் ஞாபகத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கையேந்தட்டும் என்று உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

"செரி சார். சொல்றேன்."

அன்று சாயங்காலம் மரத்தடியில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. பொன்னி போய், சாருக்கு உடம்பு முடியவில்லை, சாமியை மெயின் ரோட்டுப் பக்கம் மாற்றி வைத்துவிட்டு மரத்தை எடுத்துவிடலாம் என்றாள்.

"இன்னாடி சொல்றே?" என்றாள் ஆராயி. "என் பொண்ணு வவுத்துல புள்ளய வெச்சிகினு கீது. தொட்டில் கட்டின மரத்த வெட்டுனா அது நெலைக்குமா?"

"அது அப்படி இல்லக்கா. மரம் வேற, சாமி வேற."

"நீதானடி சொன்னே, சாமி கால நீட்டிக்கீறாருன்னு. வேரத் தொட்டுக் கும்புடச் சொன்னது நீ. இப்ப அந்தக் கால வெட்டணுமா? அந்தாளு இன்னா குடுத்தான் உனக்கு?"

பொன்னி அண்ணாந்து கிளையில் தொங்கின தொட்டில்களைப் பார்த்தாள். நான் சொன்னது பொய் என்று சொல்லலாம். சொன்னால் ஆராயி மகள் வயிற்றில் இருப்பது என்ன? ஒருத்தரும் நம்பப் போவதில்லை. நம்பினால் அவளைச் சும்மா விடப் போவதுமில்லை.

"வந்தது வந்துட்டே, கேட்டுக்க" என்றாள் ஆராயி. "மரத்தச் சுத்தி மேடை கட்டப் போறோம். பூசாரி வந்து பாத்துட்டாரு. சாமி கால் கீற எடத்துல பீத்தொட்டி இருக்கக் கூடாதாம். தீட்டு. மூடிடணும்."

"என் வூட்டு டேங்க மூட நீங்க யாரு?"

பெஞ்சமின் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அண்ணி, பாதி டேங்க் ரோட்டு எடத்துல கீது. பஞ்சாயத்துல கேட்டா அவங்களும் அதான் சொல்லுவாங்க. இன்னா பண்றது, ஸ்டாண்டுல எல்லாம் ஒரே பேச்சா கீறாங்கோ. அண்ணனுக்கு வேற எடத்துல பாத்துக்கலாம்."

"எங்கடா? என் தல மேலயா?"

ரூல்ஸ் பேசின வாய் அன்றைக்கு ஒன்றுதான். இப்போது ஊர் வாயெல்லாம் அதைத்தான் பேசியது.

ஞாயிற்றுக்கிழமை டிராக்டரில் மணல் வந்தது. பொன்னி டேங்க் மூடியின் மேல் உட்கார்ந்து பார்த்தாள், கத்திப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். காலனிப் பெண்களே கையைப் பிடித்துத் தூக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள், அன்பாகத்தான். வெள்ளை டைல்ஸ் போட்ட அறைக்குள் பூஜை சாமான் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருத்தி யோசனை சொன்னாள். மணலைக் கொட்டி மூடி, மேலே தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள்.

மறுநாள் விடியற்காலையில் டிவிஎஸ் கிளம்பவில்லை. பெஞ்சமினும் வரவில்லை, முகத்தில் விழிக்க வெட்கம். பொன்னி உதைத்து உதைத்துக் கால் வீங்கினதுதான் மிச்சம். ஆபிரகாம் படியில் உட்கார்ந்து நெற்றியில் வேர்வையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக் கேட் திறந்தது. லக்ஷ்மிநாராயணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஆபிரகாம், உள்ள வாங்க. கார் ஷெட்டை ஒட்டி ஒரு பாத்ரூம் இருக்கு. உக்கார்ற மாதிரிதான்."

"வோணாம் சார்" என்றாள் பொன்னி. "நாங்க பாத்துக்கறோம்."

"நீ பாத்துகினது போதும்" என்றார் ஆபிரகாம். அவர் அவளிடம் அப்படிப் பேசினதே இல்லை. எந்த ஆளின் பேச்சைக் கேட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாரோ அந்த ஆளின் தோளில் கையைப் போட்டு எழுந்தார். லக்ஷ்மிநாராயணனுக்கு அந்தக் கனம் தாங்கவில்லை, தள்ளாடினார், ஆனாலும் விடவில்லை. இரண்டு பேரும் மூன்று காலும் தத்தித் தத்தி, நிறுத்தின ஆட்டோக்களுக்கு நடுவில் வழி தேடிக் கேட்டுக்குள் போனார்கள். லோகநாயகி பாத்ரூம் விளக்கைப் போட்டாள்.

பொன்னி கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே போக அவளுக்குக் கால் வரவில்லை. இந்த மனுஷன் நல்ல மனசோடு செய்கிறாரா, இல்லை கணக்குத் தீர்க்கிறாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இனி தினமும் காலையில் அந்தக் கேட் திறக்கும், அவள் இப்படி வெளியே நிற்பாள். இதைவிட அவளை யாரும் பழி வாங்கியிருக்க முடியாது. அப்போதும் அவளுக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கினவள் போலிருக்கிறது, கையில் தேங்காய்ப் பையோடு சின்ன வயதுப் பெண் ஒருத்தி பிள்ளையார் முன்னால் வந்து நின்றாள். பொன்னியைப் பார்த்து, "எக்கா, இந்தச் சாமிகிட்ட கேட்டா கேட்டது நடக்குமாமே. நெசமா?" என்றாள்.

பொன்னி தலையாட்டினாள்.

"நீ வேண்டிகினியா? நடந்துச்சா?"

"நடந்துச்சி" என்றாள் பொன்னி.

காம்பவுண்டுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. பொன்னி, அந்தப் பெண் தேங்காய் உடைக்க வழிவிட்டு நகர்ந்து நின்றாள்.